அரை அடி

அரை அடிதான். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட இருக்காது. முடிவெட்டுகிற லூ என் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, தலையைப் பிடித்து முன்னால் சாய்த்துவிட்டார். இனி என் கண்ணுக்குத் தெரிவது என் மடியும் அதில் வந்து விழும் முடியும் மட்டும்தான். இப்படிக் குனிய வைக்கப்பட்ட மனிதன் எதை நினைக்கக் கூடாதோ அதைத்தான் நினைப்பான். சனிக்கிழமை மத்தியானம், மழைத்தூறலில், மைதானத்தின் ஓரத்து வெள்ளைக் கோட்டில் நடுவராக நின்ற நான் அரை அடி விலகினேனா இல்லையா. இன்று செவ்வாய். பத்தரை மணிக்கு நடுவர் சங்கத்து மேற்பார்வையாளர் ஹாலிஸ் போன் செய்வார். ஆமாம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும் என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார். ஒரு சொல்தானாம், பக்கத்து வீட்டில் ஒரு கை உப்புக் கேட்கிற மாதிரி. நான் சலூனுக்குள் நுழையும்போது பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. இப்போது எத்தனை என்று தெரியவில்லை, கடிகாரம் தலைக்கு மேலே எங்கேயோ இருக்கிறது, நிமிர்ந்தால் லூ திரும்பவும் அமுக்கிவிடுவார். முடிவெட்ட வந்ததே அடுத்த சனிக்கிழமைக்காகத்தான். ஒஹாயோ மாநிலத்துப் பள்ளிகளின் இறுதிப் போட்டி, டி.வி.யில் காட்டுவார்கள், பதினோரு வருடம் சேற்றிலும் பனியிலும் ஓடிய பிறகு எனக்கு முதல்முறையாக அதில் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். காட்டுப்பூன மாதிரித் தலைய வச்சிக்கிட்டா டி.வி.ல நிக்கப் போறிய என்று என் மனைவி ஜெபக்கனி விரட்டிவிட்டாள். அவளுக்கு அந்தச் சனிக்கிழமைதான் தெரியும். போன சனிக்கிழமை பற்றி நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பேர் வைத்திருக்கும் தேசம் இது, இதில் ஏமாற்றுவதற்கும் ஒரு சட்டம் உண்டு. எதிரணியை ஏமாற்றலாம், நடுவரை ஏமாற்றக் கூடாது. அதனால் ஆட்டத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பயிற்சியாளர்களிடமும் போய், வழக்கமில்லாத தந்திரம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்போம், அவர்கள் காதோடு காதாகச் சொல்வார்கள், நாங்கள் கோயில் உண்டியல் மாதிரி வாயை மூடிக்கொண்டு நிற்போம். நாங்களும் சேர்ந்து ஏமாந்து தப்பான நேரத்தில் விசில் ஊதிவிடக் கூடாது, அதற்காக இந்த ஏற்பாடு. எப்போதும் தலைமை நடுவரிடம்தான் சொல்வார்கள், வெள்ளைத் தொப்பி போட்டிருப்பாரே, எங்கள் குழுவில் க்ரெய்க், அவரிடம். அன்றைக்கு பிரானிகன் அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் தனியாக வந்தார். முப்பது வருடப் பயிற்சியாளர், அவர் பேரில் ஒரு சாலையே இருக்கிறது. என் தோளில் கையைப் போட்டு, தேவஇரக்கம், என்றார். தேவ் இல்லை, டேவ் இல்லை. தே-வ-இ-ரக்-கம். வீட்டில் உட்கார்ந்து பழகிப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஊர் நாசரேத்தில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரி ஐயருக்கு அப்புறம் அந்தப் பேரை முழுசாக, அவசரமில்லாமல் சொன்ன ஆள் இவர்தான். எங்கள் இருபத்திரண்டாம் நம்பர் பையன் உங்கள் கோட்டோரமாக வந்து ஒளிந்து நிற்பான், யாரும் கவனிக்க மாட்டார்கள், பந்து அவனுக்கு வரும், உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றார். கோட்டோரம் ஒளிவது சட்டப்படி சரி. ஆள் மாறி வெளியே போவது போல நடித்து ஒளிவது தவறு. ஒன்பதாம் விதி, ஆறாம் பிரிவு. ஞாயிறு பள்ளி வசனப் போட்டிக்கு சங்கீதம் நெட்டுருப் போட்ட மண்டை இது, விதிப்புத்தகம் முழுவதும் அதற்குள் இருக்கிறது, நடுவர் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியவன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. அவர் கையை எடுத்த பிறகும் தோள் சூடாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஐம்பத்தொரு வயது ஆளுக்கு ஒருவன் பேரைச் சரியாகச் சொன்னால் போதும் போல.

மெஷின் காதுக்குப் பின்னால் வருகிறது. கூசுகிறது. கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது, பிரானிகன் பையன்கள் நாலு புள்ளி பின்னால், பந்து அவர்கள் கையில். இருபத்திரண்டாம் நம்பர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னை நோக்கி, அவனுடைய பெஞ்சை நோக்கி நடந்து வருகிறான். ஹெல்மெட் வாரைக் கழற்றுகிற மாதிரி தாடையில் கை. எனக்குப் பின்னால் இரண்டு கெஜ தூரத்தில் பிரானிகன் கத்துகிறார், வெளியே வா, வெளியே வாடா, ஆள் மாத்தணும். அதைக் கேட்ட அந்த நொடியில் என் இடுப்பில் சொருகியிருக்கும் மஞ்சள் துணி காற்றில் பறந்திருக்க வேண்டும். அதை எறிந்தால் குற்றம் என்று அர்த்தம், அத்தோடு முடிந்திருக்கும். நான் எறியவில்லை. பையன் கோட்டுக்கு ஓரடி உள்ளே வந்து நிற்கிறான், பந்து உயரப் போகிறது, பையன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான், அவனுக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. கூட்டம் எழுந்து நின்று சத்தம் போடுகிறது. க்ரெய்க் ஓடி வந்து, தேவ், சுத்தமா, என்று கேட்டார். சுத்தம் என்றேன். இப்போது நினைத்தால், அந்தப் பதிலைச் சொல்வதற்கு எனக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. அந்தப் பையன் பின்னாலேயே நாற்பது கெஜம் ஓடியவன் வாங்க வேண்டிய மூச்சு.

அஞ்சல் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற வால்ட் எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை மடிக்கிறார், மடிக்கிற சத்தத்திலேயே அவர் பேசப் போகிறார் என்று தெரிகிறது. பேசுகிறார். அந்தப் பையன் விவகாரம்தான். தொப்பியும் கோடு போட்ட சட்டையும் இல்லாவிட்டால் என்னை இவர்களுக்கு யார் என்றே தெரியாது, மாதம் ஒருமுறை வந்து ஐந்து டாலர் டிப்ஸ் வைக்கிற கம்ப்யூட்டர் ஆள், அவ்வளவுதான். ஏசாயா. அவர்கள் ஐசையா என்கிறார்கள், எனக்கு ஏசாயா என்றுதான் வருகிறது. பதினேழு வயது, பிரானிகனின் எதிரணியில் ஐந்தாம் நம்பர். இருபத்திரண்டைத் தொடர்ந்து போக வேண்டியவன் அவன்தான், கடைசி நொடியில் விட்டுவிட்டு நடுப்பக்கம் திரும்பிவிட்டான். ஆட்டம் முடிந்ததும் உள்ளூர் டி.வி.க்காரி மைக்கை நீட்ட, தோற்ற பையன் அழாமல், மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான்: நடுவர் அவனுக்கு வழி விட்டார், நடுவரே வழி விட்டால் அவன் வெளியே போகிறான் என்றுதானே நான் நினைப்பேன். அது போதாதா. நடுவர்களைப் பற்றி வெளியில் பேசக் கூடாது என்று விதி. சொன்னது பொய் என்று ஆனால் ஒரு வருடத்துக்கு எந்த விளையாட்டிலும் அவன் மைதானத்தில் கால் வைக்க முடியாது, அவனை எடுத்துக்கொள்ள இருந்த கல்லூரியும் கையை உதறிவிடும். வீடியோ இருக்கிறது, ஆனால் அது பெஞ்சுக்கு மேலே மாடியில் இருந்து எடுத்தது, கோட்டோரம் முழுக்கக் குடைகள்தான் தெரிகின்றன, சத்தம் முழுக்க பேண்ட் வாத்தியம். நான் ஒருவன்தான் சொல்ல வேண்டும். தோத்தவனுக்கு எப்பவும் ஒரு சாக்கு வேணும் என்கிறார் வால்ட். பையன் ஊரில் இன்னும் தபால்காரராக இருக்கிற சிநேகிதன் வால்ட்டிடம் சொன்னானாம், ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு அஞ்சல் பெட்டியை யாரோ காரால் இடித்துச் சாய்த்திருக்கிறார்கள், கம்பத்தோடு. தோற்ற கோபத்தில் அவன் ஊர்க்காரர்களே. வால்ட்டுக்குப் பெட்டிதான் மனசைக் கெடுக்கிறது, அரசாங்கச் சொத்து என்கிறார். லூ என் தலையை இன்னும் கொஞ்சம் அமுக்குகிறார், எனக்கு அது லூவின் கைதான் என்று தெரியும், ஆனாலும் கழுத்து வியர்க்கிறது.

பழக்கம். அதுதான் நான் சனிக்கிழமையில் இருந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பது. இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடத்தில் நான் விலகாத இடம் கிடையாது. கடையில் வண்டி தள்ளிக்கொண்டு யாராவது வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன், லிஃப்டில் மூலைக்குப் போய்விடுவேன், கதவைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேரை உள்ளே விட்டுவிட்டு ஒன்பதாவதாகப் போவேன். எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிற உடம்பு. யார் எதிரே வந்தாலும் கால் தன்னால் பின்னால் போகும், மூளையைக் கேட்காது. ஒரு பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேரே என் மேல் வந்தான், கால் அரை அடி பின்னால் போனது, இதில் என்ன குற்றம். இன்னும் ஆழமாகவும் போகலாம். எங்கள் ஆட்கள் எதிரே மேல்சாதிக்காரர் ஒருவர் வந்தால் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று இருந்த காலம் ஒன்று உண்டு, அந்த விலகல் பிடிக்காமல்தானே கிறிஸ்தவ வேதத்துக்கே வந்தோம். அந்த ரத்தம்தான் ஒஹாயோவில் ஒரு வெள்ளைக் கோட்டில் வந்து விலகியது என்று சொன்னால் கேட்பவன் உருகிப் போவான். எவ்வளவு வசதியான காரணம். செத்துப் போனவர்கள் பட்ட கஷ்டத்தை எடுத்து என் தப்புக்குப் போர்வை போடுகிறேன். அவர்கள் வேறு வழியில்லாமல் விலகினார்கள். எனக்கு வழி இருந்தது, இடுப்பிலேயே சொருகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடும்போது எனக்குக் குரல் வரவில்லை, ஜெபக்கனி திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சோறு வடித்துக்கொண்டே கேட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுடைய கேள்விகள் எப்போதும் எங்கே வலிக்கிறது என்கிற மாதிரிதான் இருக்கும்.

"அந்தப் பய பொய் சொல்லுதானா, இல்ல நீங்க எதையும் முழுங்குதியளா?"

பழக்க தோஷம், கால் தானாகப் போயிருக்கும், எனக்கு ஞாபகமே இல்லை என்றேன். ஞாபகம் இல்லாதவரு ராத்திரி பூராத் தூங்காம ஏன் புரண்டிய என்றாள். அப்புறம் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விடுவதுதான் எனக்குப் பயம்.

ஞாபகம் இல்லை என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, மழைத்துளி தொப்பி விளிம்பில் இருந்து சொட்டியது, பிரானிகனின் வாயில் இருந்து வந்த புதினா வாசனை, எல்லாம். ஒன்றுதான் இத்தனை நாளாகக் கைக்கு வராமல் நழுவிக்கொண்டிருந்தது, எது முதலில் என்பது. லூ மெஷினை அணைத்துவிட்டார். பின்கழுத்தில் சோப்பு நுரையைத் தடவுகிறார், வெதுவெதுப்பாக இருக்கிறது, அடுத்து சவரக்கத்தி. அசையாதீங்க என்கிறார். அசையவில்லை. எது முதலில். இருபத்திரண்டு வருகிறான். பிரானிகன் கத்துகிறார். ஐந்தாம் நம்பர் ஏசாயா பத்து கெஜம் தள்ளி நிற்கிறான், அவனுக்குச் சந்தேகம், இருபத்திரண்டைப் பார்க்கிறான். அவன் அசடு இல்லை, கோட்டைத் தாண்டுகிற வரை நம்ப மாட்டேன் என்று நிற்கிறான். இருபத்திரண்டு நின்றுவிட்டான், ஓரடி உள்ளேயே நின்றுவிட்டான். நின்றுவிட்டான் அல்லவா. என் மேல் வந்து மோதுகிறவனுக்கு வழி விட்டேன் என்று சொல்கிறேனே, நின்றுவிட்டவன் எங்கே மோதப் போகிறான். அப்புறம் ஏசாயா என்னைப் பார்க்கிறான். ஹெல்மெட் கம்பிகளுக்குள் கண் இரண்டும் தெரிகிறது. சந்தேகம் வந்தால் விளையாடுகிற பிள்ளைகள் நடுவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள், எத்தனை ஆட்டத்தில் எத்தனை பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், நாம் கல்லாக நிற்க வேண்டும், அதுதான் வேலை. அவன் பார்த்தான். நான் அவன் பார்ப்பதைப் பார்த்தேன். பிறகுதான் கால் பின்னால் போனது. பிறகுதான். கதவைப் பிடிக்கிற மாதிரி லேசாக இடது கையைக்கூட விரித்தேன், போப்பா போ என்கிற மாதிரி. அவன் திரும்பிவிட்டான், பந்து எழும்பியது. பழக்கம் இல்லை, ரத்தம் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என்னிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்திருந்தார்கள், இந்த ஊரில் முதல்முறையாக என்னைக் கூட்டாளி ஆக்கியிருந்தார்கள், அது பலிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதுதான் நடந்தது. பலித்தபோது உள்ளுக்குள் சிரித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன், ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது.

கத்தி மேலிருந்து கீழே ஒரு கோடு இறங்குகிறது. சொல்லிவிடலாம். சொன்னால் இறுதிப் போட்டி போகும், நடுவர் சட்டை போகும், பதினோரு வருடம் போகும், பேப்பரில் பேர் வரும், அதையும் தப்பாகத்தான் போடுவார்கள். போகட்டும். ஆட்டத்தின் முடிவு மாறப் போவதில்லை, அது முடிந்தது முடிந்ததுதான், பையன் பொய்யன் இல்லை என்பது மட்டும் மாறும். ஆமாம், விலகினேன், அவன் பார்த்த பிறகு விலகினேன், இவ்வளவுதான், மூச்சு வாங்காமல் சொல்லக்கூடிய வாக்கியம். வால்ட் கேட்டுக்கொண்டிருப்பார், கேட்கட்டும், அந்த அஞ்சல்பெட்டிக் கதையை அவரே மாற்றிச் சொல்லட்டும். துணிக்கு அடியில் போன் தொடையில் துடிக்கிறது. லூ கத்தியை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். நான் நிமிர்ந்தேன், கண்ணாடியில் பாதி நுரையோடு ஒரு ஆள். ஹாலிஸ்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார், நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லும்போதுதான் அவர் நிதானமாகப் பேசுவார், இன்றைக்கு வேகமாகப் பேசினார். உங்களுக்குத் தொந்தரவே இல்லை தேவ், எல்லாம் முடிந்தது, பையன் தானே எழுதிக் கொடுத்துவிட்டான், தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான், அதனால் தண்டனை ஒன்றும் வேண்டாம் என்று நாங்களும் முடிவு செய்திருக்கிறோம், கல்லூரிக்கும் சொல்லிவிட்டோம், நீங்கள் மன்னித்தால் போதும். இங்கேதான் இருக்கிறான், அப்பாவோடு வந்திருக்கிறான், உங்களிடம் நேரில் பேச வேண்டும் என்கிறான், கொடுக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது, யாரோ கனைத்தார்கள், அது அப்பாவாக இருக்கும்.

"சார், நான் ஐசையா. நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன் சார். நீங்க விலகல. அவன் வெளியே போயிட்டான்னு நம்புறதுக்கு எனக்கு ஏதோ ஒண்ணு தேவைப்பட்டிருக்கு, அதான் நீங்க நகர்ந்த மாதிரி என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க சார்."

யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற குரலா என்று காது கொடுத்துப் பார்த்தேன். அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அப்படி இல்லை. அவன் நிஜமாகவே யோசித்துப் பார்த்திருக்கிறான், மூன்று நாள் தூங்காமல் புரண்டு, தன் கண்ணைத் தானே பொய்யாக்கி, இப்போது அதை நம்புகிறான். சொல்லிவிடு என்றேன் எனக்குள். இப்போது சொன்னால் அவன் கையெழுத்துப் போட்டது பொய்யாகும், அவனுக்கு மறுபடியும் விசாரணை வரும், கல்லூரி மறுபடியும் யோசிக்கும், அவன் நல்லதுக்காகவே சும்மா இருக்கலாம் என்று உடனே ஒரு காரணம் வந்து நின்றது, எவ்வளவு சீக்கிரம் வந்தது பாருங்கள். மறுமுனையில் அவன் மூச்சு கேட்கிறது. காத்துக்கொண்டிருக்கிறான். லூ கத்தியோடு காத்துக்கொண்டிருக்கிறார். வால்ட் பேப்பரைத் தாழ்த்திவிட்டார்.

"பரவாயில்ல மகனே," என்றேன், இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் சொல்கிற அதே குரலில். "எல்லாருக்கும் தப்பு வரும். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

அவன் நன்றி சொன்னான். குரல் உடைந்துபோய், இரண்டு தடவை சொன்னான்.